ஹாலில் ஒரு பவளப்பாறை: கல் பவளங்களை நிறம் வாடாமல் வளர்க்க

எங்கள் வீடு சிங்கப்பூர் செங்காங்கில், பதினோராவது மாடி. ஹாலில் மற்ற வீடுகளில் டிவி இருக்கும் சுவரோரம் எங்களிடம் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. 75 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். அதன் கீழே அலமாரிக்குள் வடிகட்டும் தொட்டி. அதை இங்கே எல்லோரும் சம்ப் என்றுதான் சொல்வோம். இரண்டிலும் சேர்த்து 170 லிட்டர் கடல்நீர் ஓடுகிறது. ஒன்பது வருடமாக அதில் கல் பவளங்கள் வளர்க்கிறேன். மாலையில் விளக்கு எரியும் நேரத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, “இதெல்லாம் நிஜமா?” அடுத்த கேள்வி, “இந்த நிறத்துக்கு என்ன போடுறீங்க?”

நிறத்துக்கென்று நான் எதுவும் போடுவதில்லை. நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் தண்ணீரை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடத்தில் செத்துப்போன பவளங்களை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்த இழப்பு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம்

நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடியில். தாத்தா வீட்டுச் சுற்றுச்சுவரில் செங்கலோடு சேர்த்து வெள்ளைக் கற்கள் வைத்துக் கட்டியிருப்பார்கள். கல் முழுக்க நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழி. விரல் நுனியை அதில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். அது உயிரோடு இருந்த ஒன்றின் எலும்பு என்று அப்போது யாரும் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவிலிருந்து அந்தக் கற்களைப் பெயர்த்து எடுத்து வீடு கட்டவும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் பல காலம் பயன்படுத்தினார்கள். அதனால் பாறைகள் பட்ட பாட்டுக்கு இன்று வரை விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தியாவில் இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், தயவு செய்து கல் பவளம் வாங்காதீர்கள். 2001 முதல் எல்லாக் கல் பவளங்களும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ராமேஸ்வரம் கரையில் கிடக்கும் செத்த துண்டைக்கூட எடுத்துக்கொண்டு போகக்கூடாது. சிங்கப்பூரில் வளர்க்கலாம், ஆனால் கல் பவளம் முழுவதும், அழியும் ஆபத்துள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருவதால் இறக்குமதிக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். முறையாக இறக்குமதி செய்கிற கடையில் வாங்குங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு போவது கூடவே கூடாது.

வாங்கும்போது பண்ணையில் வளர்த்த சிறு துண்டு, அதாவது ஃப்ராக், இருக்கிறதா என்று கேளுங்கள். சின்ன வட்டக் கல்லின் மேல் ஒட்டி, அதன் ஓரம் வரைக்கும் சதை படர்ந்திருந்தால் அது பல மாதமாகத் தொட்டியில் வாழ்ந்து பழகியது என்று அர்த்தம். கடலிலிருந்து நேற்று வெட்டி எடுத்ததைவிட அது ஆயிரம் மடங்கு நிம்மதி. இன்னொன்று: கடையில் நீல விளக்கின் கீழ் எல்லாமே ஜொலிக்கும். “வெள்ளை லைட் போட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள். வெள்ளை வெளிச்சத்திலும் நிறம் தெரிகிற பவளத்தைத்தான் நான் வாங்குவேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது

பவளம் ஒரு விலங்கு. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெளிச்சத்தை வாங்கி உணவு செய்து பவளத்துக்கும் கொடுக்கும். அந்தப் பாசியின் நிறம் வெறும் பழுப்பு, டீத்தூள் நிறம். நாம் ஆசைப்படுகிற பச்சை, ஆரஞ்சு, ஊதா எல்லாம் பவளம் தன் சதைக்குள் தானே செய்துகொள்ளும் புரதங்கள். சில புரதங்கள் நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பி விடும். அதனால்தான் நீல விளக்கில் அப்படி ஒளிர்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வைத்தியம் கைக்கு வந்துவிடும். பவளம் பழுப்பாகிறதா? பாசி பெருகிவிட்டது. தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறியிருக்கும், அல்லது வெளிச்சம் போதவில்லை. வெளிறுகிறதா? பாசி குறைந்துவிட்டது. வெளிச்சம் அதிகம், அல்லது சூடு, அல்லது தண்ணீர் பட்டினி போடும் அளவுக்குச் சுத்தமாகிவிட்டது. சதை மெலிந்து உள்ளே எலும்பின் பற்கள் தெரிகிறதா? அது நிறப் பிரச்சினையே இல்லை, உயிர்ப் பிரச்சினை. முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்.

வெளிறிப்போன பவளத்தைப் பார்த்து “வெளிச்சம் பத்தலை போல” என்று விளக்கை ஏற்றுகிறவர்கள் நிறைய பேர். நானும் அப்படிச் செய்து ஒரு நல்ல ஹாமர் பவளத்தை, கைகளின் நுனி சுத்தியல் மாதிரி இருக்கும் வகை, இழந்தேன்.

தொட்டியும் தண்ணீரும்

தொட்டி வைப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர், கண்ணாடி, பாறை, அலமாரி எல்லாம் சேர்ந்து என் தொட்டி கால் டன் இருக்கும். வீவக வீட்டில், அதாவது இங்குள்ள அரசு அடுக்குமாடி வீட்டில், ஹால் நடுவில் வைக்காமல், சுவரோரமாக, எடை பரவுகிற மாதிரி வையுங்கள். பாறை போட்டு, பாக்டீரியா நிலைபெற ஆறு வாரம். ஆனால் கல் பவளத்துக்கு அது போதாது. நான்கு மாதமாவது பொறுங்கள். பாறையிலும் கண்ணாடியிலும் ஊதா, ரோஸ் நிறத்தில் கெட்டியான பாசிப் படலம் படரத் தொடங்கினால் தொட்டி தயாராகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதுவும் கல் பவளம் போலச் சுண்ணாம்பைக் கொண்டே உடம்பு கட்டுகிறது. அது வாழ்கிற தண்ணீரில் பவளத்துக்கும் இடம் உண்டு.

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருக்கிறது. வாளியில் ஒரு ராத்திரி பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்களே, குளோரமின் அப்படிப் போகாது. கரி வடிகட்டியும் ஆர்ஓ மெம்பரேனும் அயனி நீக்கும் ரெசினும் உள்ள கருவி கட்டாயம் வேண்டும். வெளிவரும் தண்ணீரில், கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். 3, 4 என்று ஏறத் தொடங்கினால் அன்றே ரெசினை மாற்றிவிடுவேன்.

உப்பு 35 பிபிடி, அதாவது ஆயிரம் பங்கில் 35 பங்கு. உப்பை அளக்கும் ஒளிவிலகல் மானியை வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டு நம்பாதீர்கள். 35 பிபிடி அளவுத் திரவம் சின்னக் குப்பியில் விற்கிறது, அதை வைத்துச் சரிபாருங்கள். என் மானி ஒருமுறை 2 பிபிடி தவறாகக் காட்டிக்கொண்டிருந்ததை நான் கண்டுபிடித்தது இப்படித்தான்.

நம் ஊர் வெக்கையில் தினமும் ஏறக்குறைய இரண்டு லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் இழப்பை ஆர்ஓ நன்னீரால்தான் ஈடு செய்ய வேண்டும். தண்ணீர் குறைந்ததும் தானாக நிரப்பும் கருவி ஒன்று இருந்தால் உப்பு ஏறி இறங்காது. விளக்குக்குச் செலவழிக்கும் முன் இதை வாங்குங்கள்.

வெப்பம் பற்றி எல்லோரும் கேட்கும் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. சிங்கப்பூரின் சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 28, 30 டிகிரியில்தானே இருக்கிறது, அங்கே பவளங்கள் நன்றாகத்தானே வாழ்கின்றன, எதற்குச் சில்லர் வைத்து 26-க்குக் குளிர்விக்க வேண்டும்? கடல் பெரியது, 30-ல் இருந்து 33-க்குப் போக வாரக்கணக்காகும். 170 லிட்டர் மூடிய ஹாலில் ஒரே மதியத்தில் அந்த மூன்று டிகிரி ஏறிவிடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். 26-ல் வைத்திருந்தால் மின்சாரம் போனாலும் சில்லர் பழுதானாலும் எனக்கு நாலைந்து மணி நேரம் கையில் இருக்கிறது. என்னிடம் இருப்பது 1/10 குதிரைத்திறன் சில்லர். அதை அலமாரிக்குள் அடைக்காதீர்கள், சூடான காற்று வெளியேற இடம் வேண்டும்.

கேஹெச்: இங்கேதான் எல்லாமே நிற்கிறது

பவளம் எலும்பு கட்டக் கால்சியமும் கார்பனேட்டும் வேண்டும். இந்தக் கார்பனேட் இருப்பை அளப்பதுதான் ஆல்கலினிட்டி, நாங்கள் கேஹெச் என்போம். அதன் அலகு டிகேஹெச். இயற்கைக் கடல்நீரில் இது ஏறக்குறைய 7 டிகேஹெச். வீட்டுத் தொட்டியில் 7.5 முதல் 9 வரை எங்கே வைத்தாலும் சரி. என்னுடையது 8.2. கால்சியம் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு), மக்னீசியம் 1,300. இந்த இரண்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பவளம் பொறுத்துக்கொள்ளும். கேஹெச் ஆடினால் பொறுக்காது.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். இரண்டாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று வாரமாகச் சோதிக்காமல் விட்டுச் சோதித்தால் கேஹெச் 6.1. பதறிப்போய் ஒரு கடையில் கேட்டேன். “இன்னிக்கே 9-க்கு ஏத்திடுங்க, ஒண்ணும் ஆகாது” என்று ஒரு டப்பா தூள் கொடுத்தார்கள். அன்று மாலையே கரைத்து ஊற்றினேன். தொட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை மோன்டிப்போரா இருந்தது, தட்டு மாதிரி விரிகிற வகை. ஓரம் மட்டும் ஊதா. மூன்றாம் நாள் காலை அந்த ஊதா ஓரம் முழுக்க நூல் பிடித்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. மாலைக்குள் கோடு விரல் அகலம் ஆனது. சதை வெங்காயத் தோல் போல உரிந்து நீரோட்டத்தில் பறந்துகொண்டிருந்தது. ஆறாம் நாள் வெறும் எலும்புத் தட்டு. அதை நான் தூக்கிப் போடவில்லை, இன்னும் ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது.

அதிலிருந்து ஒரு நாளைக்கு அரை டிகேஹெச்சுக்கு மேல் ஏற்றியதே இல்லை. 6.1-ல் இருந்து 8.2-க்குப் போக வேண்டுமென்றால் ஐந்து நாள் ஆகட்டும்.

சோதிப்பது கஷ்டமில்லை. குப்பியில் தொட்டி நீரை அளந்து எடுத்து நிறங்காட்டித் துளிகள் விட்டால் நீலப்பச்சையாகும். சிரிஞ்சிலிருந்து அமிலத்தைத் துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு துளிக்கும் குப்பியை ஆட்டிக்கொண்டே வர வேண்டும். ஒரு துளியில் பச்சை மங்கும், அடுத்த துளியில் ஆரஞ்சும் ரோஸும் கலந்த நிறம் வந்து நிலைக்கும். அங்கே நிறுத்துங்கள். குப்பிக்குப் பின்னால் வெள்ளைத் தாள் வையுங்கள், நீல விளக்கின் அருகே நின்று பார்க்காதீர்கள். தினமும் அதே நேரத்தில் சோதியுங்கள். நான் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். அளந்ததை உடனே எழுதிவைப்பது அங்கே வந்த பழக்கம், வீட்டிலும் அதேதான். தொட்டி பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது.

உங்கள் பவளங்கள் எவ்வளவு சாப்பிடுகின்றன என்பதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் எதுவும் சேர்க்காமல் இருங்கள். என் நோட்டிலிருந்து ஒரு கணக்கு: திங்கள் இரவு 8.4, வியாழன் இரவு 7.5. மூன்று நாளில் 0.9 இறங்கியது, ஒரு நாளைக்கு 0.3. இனி இந்த 0.3-ஐத் தினமும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதற்கு விலை உயர்ந்த பாட்டில் எதுவும் வேண்டாம். நம் சமையலறை ஆப்ப சோடா போதும். பேக்கிங் பவுடர் இல்லை, சுத்தமான சோடா பைகார்பனேட் என்று பொட்டலத்தில் பார்த்து வாங்குங்கள். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கேஹெச் 1 ஏறும். என் 170 லிட்டருக்கு 0.3 ஏற்ற ஏறக்குறைய ஒன்றரை கிராம். 60 கிராம் ஆப்ப சோடாவை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து வைத்திருக்கிறேன். அதில் 25 மில்லி என் ஒரு நாள் கணக்கு.

பவளம் கேஹெச்சை மட்டும் தனியாக எடுப்பதில்லை. 1 டிகேஹெச் எடுக்கும்போது கூடவே 7 பிபிஎம் கால்சியத்தையும் எடுக்கும். அதனால் இன்னொரு பாட்டிலில் 52 கிராம் கால்சியம் குளோரைடு, டைஹைட்ரேட் வகை, உணவுத் தரம், ஒரு லிட்டர் தண்ணீரில். இரண்டையும் அதே மில்லி அளவில் கொடுத்தால் கணக்கு சரியாக வரும். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. கலந்தால் அங்கேயே சுண்ணாம்பாகித் திரிந்து பால் மாதிரி வெளுத்துவிடும். நான் காலையில் கால்சியம், இரவு சோடா, இரண்டையும் சம்ப்பில் நீரோட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் மெதுவாக ஊற்றி வந்தேன். இப்போது ஒரு டோசிங் பம்ப் பல வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறது. பவளம் வளர வளரச் சாப்பாடும் கூடும், ஆகவே வாரம் ஒருமுறையாவது சோதித்து அளவைத் திருத்த வேண்டும்.

வாரம் 15 லிட்டர் தண்ணீர் மாற்றுவேன். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: சில உப்பு வகைகளைக் கரைத்தால் கேஹெச் 11-க்கு மேல் வரும். 8-ல் பழகிய தொட்டியில் ஒவ்வொரு வாரமும் அதை ஊற்றினால் நாமே கேஹெச்சை ஆட்டிவிடுகிறோம். உங்கள் தொட்டிக்குப் பக்கத்து எண் வருகிற உப்பைத் தேர்ந்தெடுங்கள்.

பிஹெச் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று. ஏசி போட்டு ஜன்னலை எல்லாம் மூடினால் வீட்டுக்குள் நாம் விடும் மூச்சே பிஹெச்சை 7.8-க்கு இறக்கும். ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துப் பாருங்கள், அப்புறம் ரசாயனம் வாங்கலாம்.

சுத்தம் அதிகமாகக் கூடாது

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் நம்பினேன். நுரையால் அழுக்கைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை முழு வேகத்தில் ஓட்டி, பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடைக் கொட்டி, மீனுக்குக்கூடத் தயங்கித் தயங்கிச் சாப்பாடு போட்டேன். சோதனையில் இரண்டும் பூஜ்யம் வந்தது. என் அக்கான் பவளம், செங்கல் சிவப்பில் நடுவில் பச்சை வட்டம் கொண்டது, இரண்டு மாதத்தில் பழைய துணி மாதிரி வெளிறிப்போனது. மணலில் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று, குமிழி பிடித்த வழுக்கல் ஒன்று பரவியது. உணவே இல்லாத தண்ணீரில் அதுதான் வரும்.

இரும்பு ஆக்சைடை எடுத்துவிட்டு, மீன்களுக்கு வயிறார உணவு போட ஆரம்பித்தேன். இப்போது நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 முதல் 0.08 பிபிஎம். அக்கானின் சிவப்பு திரும்பி வர நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் விளக்கையோ நீரோட்டத்தையோ தொடாமல் இருந்ததுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த வேலை.

வெளிச்சம், நீரோட்டம், இடம்

என் தொட்டியில் எல்இடி விளக்கு நீலம் தூக்கலாக ஓடுகிறது, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். வெளிச்சத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது, நீலம் நம் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். பாசி பயன்படுத்தக்கூடிய வெளிச்சத்தை அளக்கும் பி.ஏ.ஆர் மீட்டர் விலை அதிகம். இங்கே பல கடைகளும் நண்பர்களும் வாடகைக்கோ கடனாகவோ தருகிறார்கள், ஒரு நாள் வாங்கி அளந்து நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். அக்கானுக்கு அந்த மீட்டரில் 60 முதல் 100 போதும், மணலிலோ பாறையின் அடியிலோ வையுங்கள். ஹாமருக்கு 80 முதல் 150. மோன்டிப்போராவுக்கு 150 முதல் 250. அக்ரோபோரா என்ற கிளை விடும் வகை இன்னும் அதிகம் கேட்கும், முதல் வருடத்தில் அதைத் தொடாதீர்கள். புதிதாக வாங்கிய எதையும் முதலில் கீழே வைத்து, மூன்று நான்கு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள்.

நீரோட்டத்துக்குப் பவளமே பதில் சொல்லும். ஹாமரின் கைகள் காற்றில் நெல் ஆடுவது போல ஆட வேண்டும். ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றால் வேகம் அதிகம். மோன்டிப்போராவின் தட்டில் தூசி தங்கினால் வேகம் குறைவு.

இடைவெளி விடுங்கள். பகலில் அடக்கமாக இருக்கிற ஹாமர் இரவில் நீளமான கொட்டும் இழைகளை வெளியே விடும், பக்கத்துப் பவளத்தைச் சுட்டுவிடும். 15 செ.மீ. விட்டால் நல்லது. கலாக்சியா என்றொரு வகை இருக்கிறது, பார்க்க நட்சத்திரக் கொத்து மாதிரி அழகு. அதன் இழைகள் இன்னும் தூரம் போகும். சின்னத் தொட்டியில் வேண்டாம்.

இரவுச் சாப்பாடு

அக்கானுக்கு உணவு கொடுப்பது எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்தது. செவ்வாயும் வெள்ளியும் இரவு பத்து மணிக்கு. விளக்கு அணைந்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். உறைந்த மைசிஸ் இறாலைச் சின்னக் கிண்ணத்தில் தொட்டி நீரில் கரைய விட்டு, அந்தச் சாற்றில் ஒரு பிப்பெட் அளவு முதலில் தொட்டியில் விடுவேன். மோட்டார்களை நிறுத்திவிடுவேன். வீடே அமைதியாகிவிடும். சிவப்பு டார்ச்சை அடித்தால், பகலில் உப்பிய பொத்தான் மாதிரி இருந்த ஒவ்வொரு பாலிப்பின், அதாவது தனக்கென்று வாயும் கைகளும் உள்ள ஒவ்வொரு தலையின், விளிம்பிலிருந்தும் கண்ணாடி நூல் போன்ற கைகள் மெல்ல நீளும், நுனியில் வெள்ளைப் பொட்டு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் முழு வட்டம் விரிந்துவிடும்.

ஒரு பாலிப்புக்கு ஒரே ஒரு மைசிஸ். பிப்பெட் நுனியைப் பக்கத்தில் கொண்டுபோய் விடுங்கள், பீய்ச்சாதீர்கள். இறால் பட்டதும் கைகள் ஒட்டிக்கொண்டு உள்ளே மடியும். நடுவில் ஒரு கோடு போல இருந்த வாய் திறக்கும். சுற்றியிருக்கும் சதை உதடு குவிவது போல மேலே எழுந்து மூடிக்கொள்ளும். அரை மணி நேரத்தில் இறால் இருந்த இடமே தெரியாது. என்னிடம் ஒரு சுத்தக்கார இறால் இருக்கிறது, பவளத்தின் வாயிலிருந்தே பிடுங்கித் தின்னும். அதற்காகப் பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாதியை வெட்டி அக்கான் மேல் கூடை மாதிரி கவிழ்த்து வைப்பேன். மோட்டாரைத் திரும்பப் போட மறக்கக்கூடாது. கைபேசியில் 40 நிமிட அலாரம் வைத்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

வாரம் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். ஒருவேளை கைகள் நீளவே இல்லை என்றால் அன்று கட்டாயப்படுத்தாதீர்கள், அடுத்த நாள் கேஹெச்சைப் பாருங்கள்.

வருகிறவர்களைக் கழுவி உள்ளே விடுங்கள்

புதுப் பவளத்தைப் பையிலிருந்து நேராகத் தொட்டியில் போடவே போடாதீர்கள். தொட்டி நீரை வாளியில் எடுத்து, பவளக் குளியலுக்கென்று விற்கும் அயோடின் கலவையை அட்டையில் சொன்ன அளவில் கலந்து, பத்து நிமிடம் வையுங்கள். இடையிடையே ரப்பர் குமிழ் பிப்பெட்டால் சந்து பொந்தெல்லாம் நீரை அடியுங்கள். வாளி அடியில் என்ன விழுகிறது என்று பாருங்கள். மோன்டிப்போராவைத் தின்னும் வெள்ளை ஓடில்லா நத்தை அரிசி நொய் அளவுதான் இருக்கும், முதுகில் இறகு மாதிரி. அது தெரிந்தால் ஒரு முறைக் குளியல் போதாது, ஏனென்றால் முட்டையைக் குளியல் கொல்லாது. துண்டின் அடிப்பக்கத்தைத் தேய்த்து, வாரம் ஒருமுறை, நான்கைந்து வாரம், தனித் தொட்டியில் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வந்த வட்டக் கல்லை உடைத்து எறிந்துவிட்டு என் சொந்தக் கல்லில் சூப்பர் குளூ ஜெல்லால் ஒட்டுவேன். முட்டைகள் பெரும்பாலும் அந்தக் கல்லின் அடியில்தான் இருக்கும். குளியல் நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

ஹாமரில் ஒரு தலை திடீரென்று பழுப்பு ஜெல்லியாக உருகினால் தாமதிக்காதீர்கள். மோட்டாரை நிறுத்தி, அந்த ஜெல்லியைக் குழாயால் உறிஞ்சி வெளியே எடுத்து, அந்தத் தலையை எலும்போடு வெட்டி நீக்குங்கள். நாளை பார்க்கலாம் என்று விட்டால் நாளைக்குப் பக்கத்துத் தலையும் போயிருக்கும். மீனுக்கு நோய் வந்தால் செம்பு மருந்தை இந்தத் தொட்டியில் ஒருபோதும் போடாதீர்கள், மீனைத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது

வருடம் ஒருமுறை பொங்கலுக்குத் தூத்துக்குடி போவோம், இரண்டு வாரம். எதிர் வீட்டு மலாய் அக்காதான் தொட்டியைப் பார்த்துக்கொள்வார். அவரிடம் நான் எந்த முடிவையும் விடுவதில்லை. மீன் உணவை ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகச் சின்ன டப்பாக்களில் அளந்து, தேதி எழுதி அடுக்கிவிடுவேன். மிச்ச உணவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன், மீன் பசியாகப் பார்க்கிறதே என்று இரக்கப்பட்டு யாரும் கூடுதலாகப் போட்டுவிடக்கூடாது. அக்கானுக்கு அந்த இரண்டு வாரமும் இரவுச் சாப்பாடு கிடையாது, தாங்கும். டோசிங் பாட்டில்கள் இரண்டையும் நிரப்பி, ஆர்ஓ நீர் 40 லிட்டர் பிடித்து வைத்து, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லா மாற்றத்தையும் நிறுத்திவிடுவேன். அந்த வாரத்தில் புதுப் பவளம் கிடையாது, விளக்கில் கை வைப்பது கிடையாது.

தொட்டியின் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வெப்பமானி 28-க்கு மேல் காட்டினால் மேல் மூடியைத் திறந்து மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் திருப்பிவிட வேண்டும், பிறகு என்னைக் கூப்பிட வேண்டும். மோட்டார் சத்தம் நின்றிருந்தால் முதலில் கூப்பிட வேண்டும். அக்கா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு படம் அனுப்புவார், எப்போதும் ஒரே இடத்தில் நின்று எடுத்தது. போன பொங்கலுக்கு அம்மாவோடு உட்கார்ந்து அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அக்கானைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, தாத்தா வீட்டுச் சுவரில் இருந்த கல்லும் இதுதானா என்று கேட்டார். அதன் பெரியப்பா பிள்ளை மாதிரி என்றேன்.